சிவப்பு எழுத்தை நம்பி ஏறி மிதித்தேன்

காஞ்சிபுரத்தில் எனக்குப் பட்டுப் புடவைக் கடை. ஜரிகையைக் கல்லில் உரைத்து, உள்ளே செம்பு தெரிகிறதா என்று பார்க்காமல் ஒரு புடவைகூட வாங்கமாட்டேன். உரைப்பது என் மைத்துனன். அவன் கணிப்பு தப்பாது.

அப்படிப்பட்ட நான், சென்னையில் ஒரு பழைய வெளிநாட்டுக் காரை, அதன் பின்னால் சிவப்பில் ‘ஸ்போர்ட்’ என்று எழுதியிருந்ததற்காகவே வாங்கினேன். சாதாரண மாடலைவிட வேகமும் பிரேக்கும் அதிகம் என்றார் விற்றவர். ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு கல்யாண வீட்டுக்கு முகூர்த்தப் புடவை கொடுக்க நானும் மைத்துனனும் அதில் கிளம்பினோம். முசரவாக்கம் அருகே முன்னால் ஒரு நெல் லாரி ஊர்ந்துகொண்டிருந்தது.

"தாண்டிடுங்க மாமா. நம்மளுது ஸ்போர்ட் வண்டியாச்சே," என்றான் அவன், ஜன்னலில் கையை ஊன்றியபடி.

எதிரே தூரத்தில் பஸ் வந்தது. இருந்தும் ஏறி மிதித்தேன். வண்டி உறுமியதே தவிர வேகம் எடுக்கவில்லை. பஸ் நெருங்கிவிட, பிரேக்கை மிதித்து லாரிக்குப் பின்னால் ஒடித்தேன். வண்டி நிற்காமல் இடதுபக்கப் புளியமரத்தில் மோதியது. ஆஸ்பத்திரியில் மைத்துனனின் இடது கையை முழங்கைக்கு மேல் எடுத்துவிட்டார்கள்.

வண்டியைப் பிரித்த மெக்கானிக் சொன்னார்: "எழுத்து கம்பெனி போட்டதுதான் மொதலாளி. ஆனா அது வெறும் அலங்காரத்துக்கு. இன்ஜினு, பிரேக்கு எல்லாம் சாதா வண்டியில இருக்குற அதேதான்."

இப்போது நான் யாரையும் முந்துவதில்லை. கடையில் ஜரிகை உரைக்க இரண்டு கை வேண்டும். மைத்துனன் புடவையைப் பிடித்துக்கொள்கிறான். நான் உரைக்கிறேன்.