ஆணாள் கூலி

என் வீட்டுக்காரருக்கு வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. அதன் பிறகு ஒற்றைக் கையால் வேட்டி கட்ட முடியவில்லை. காலையில் நான்தான் கட்டிவிடுவேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார், நான் வேறு யாருக்கோ கட்டிவிடுவதுபோல.

நாங்கள் முதலில் வயல் ஆட்கள். கூலித் தகராறு முற்றிய வருஷம் மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். கொடி பிடித்த எங்கள் தெருவுக்கு நடவும் கிடையாது, அறுப்பும் கிடையாது என்று ஆகிவிட்டது. ஆட்சி மாறி, சுவரில் சின்னமும் மாறியிருந்தது. எங்கள் அடுப்பு மட்டும் பழையபடி ஒருவேளைதான் எரிந்தது. வலங்கைமான் பக்கம் ஒரு அரிசி மில்லில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இரண்டு பேருமே போனோம். அவருக்கு இயந்திரத்தில் நெல் கொட்டும் வேலை, எனக்குக் களத்து வேலை.

களத்து வேலை என்றால், அவித்த நெல்லைச் சிமெண்டுத் தரையில் பரப்பிவிட்டு, பெண்கள் வரிசையாக நின்று பாதத்தைத் தரையோடு இழுத்து இழுத்து நடப்பது. நெல் காலில் புரண்டு அடி ஈரம் மேலே வரும். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், பிறகு திரும்பி. கைக்கு வேலையே இல்லை, அதனால் வாய்க்கு வேலை அதிகம். ஆண்கள் இந்தப் பக்கமே வரமாட்டார்கள். கூலி கொடுக்கும்போது ஆணாள், பெண்ணாள் என்று பிரித்துக் கூப்பிடுவார்கள். பெண்ணாள் கூலி குறைச்சல். ஏன் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

ஒரு மதியம் இயந்திரத்தின் பெல்ட் அவர் கையை இழுத்துக்கொண்டது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்து தேறி வந்தவரை மேனேஜர் வாசலிலேயே நிறுத்தினார். "ஒடம்பப் பாத்துக்கப்பா. இனிமே ஒனக்கு இங்க என்ன வேலை இருக்கு?" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பில்தான் எனக்கு வயிறு எரிந்தது. கையை எடுத்துக்கொண்ட இடத்தில் ஆளுக்கு இடம் இல்லையாம்!

வீட்டில் சும்மா உட்கார்ந்த நாட்களில் அவர் சோற்றைப் பாதியில் தள்ளிவைக்க ஆரம்பித்தார். பேச்சு குறைந்தது. வேலை இல்லாமல் இந்த மனுஷன் கரைந்தே போய்விடுவார் என்று பயந்தேன். நஷ்டஈட்டுக்குத் தனியாக அலைந்துகொண்டிருந்தோம். ஆனால் எனக்கு வேண்டியது அவருடைய வேலை.

சங்கத்துக்காரர் ஒருவர் மனு எழுதி, தஞ்சாவூரில் லேபர் ஆபீசர் முன்னால் எங்களை நிறுத்தினார். ஆபீசர் மேனேஜரைப் பார்த்து, "வேலை செய்யுறப்ப அடிபட்டவரு. அவரால முடிஞ்ச வேலை ஒண்ணு குடுக்கலாமே?" என்று கேட்டார்.

மேனேஜர் சிரித்தார். "கையில்லாம மில்லுல என்ன வேலைங்க சார்? வேணும்னா பொம்பளைங்களோட சேந்து களத்துல நெல்லு கிளறட்டும்."

கேலிதான். ஆனால் என் வாய் முந்திக்கொண்டது. "அதையே எழுதிக்குங்க சார். அவரு கிளறுவாரு."

ஆபீசர் எழுதியேவிட்டார். பழைய கூலி குறையக்கூடாது என்றும் சேர்த்து எழுதினார். மேனேஜருக்கு முகம் செத்துப்போனது. என் வீட்டுக்காரருக்கும்தான். பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தே வந்தவர், இறங்கும்போது, "என்னையச் சேலை கட்ட வச்சுட்டியே" என்றார். நான் வழியெல்லாம் அழுதுகொண்டே நடந்தேன்.

முதல் நாள் மூட்டை தூக்குகிறவர்கள் "வாங்கக்கா" என்று விசிலடித்தார்கள். அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தார். நெல் சிதறியதே தவிர புரளவில்லை. "தூக்காதீங்க, இழுங்க" என்று நான் முணுமுணுத்தேன். பாதிக் களத்தில் வேட்டி நழுவியது. இடது கையால் அதை இறுக்கிப் பிடித்தபடி, அசையாமல் நின்றுவிட்டார்.

நான் வேட்டியில் கை வைக்கவும், வரிசையில் முதலில் நின்ற பெண் மில்லின் புகைபோக்கியைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அவளைப் பார்த்து அடுத்தவள் திரும்பினாள். பிறகு எல்லாருமே. வாய் ஓயாத கூட்டம் அது. அன்றைக்கு ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. நான் கட்டி முடித்ததும் விட்ட இடத்திலிருந்து நடந்தார்கள். அதன் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அவர் வேட்டி நழுவினால் போதும், எல்லாருக்கும் புகைபோக்கி மேல் திடீரென்று அக்கறை வந்துவிடும்.

சனிக்கிழமை கூலி நாள். மேனேஜர் "ஆணாள்" என்று கூப்பிட்டு அவரிடம் பணத்தை நீட்டினார். அவர் வாங்கவில்லை. பின்னால் நின்ற எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"நானும் இவங்களும் ஒரே வரிசையிலதாங்க நடந்தோம். எனக்கு ஒரு கூலி, இவங்களுக்கு ஒரு கூலியா?"

"ஒனக்கு ஆபீசர் சொல்லியிருக்காரு. வேணாம்னா விடு, நாளையிலேருந்து நீ வரவேணாம்."

எனக்கு ரத்தம் கொதித்தது. மேனேஜர் மேல் இல்லை, இவர் மேல். படாத பாடு பட்டு வாங்கின வேலை! பிழைக்கத் தெரியாத மனுஷன். வாங்கிக்கொள்ளுங்கள் என்று முதுகில் இடிக்கப் போனேன். அந்த முதுகு நிமிர்ந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் நான் அதை அப்படிப் பார்த்ததில்லை. என் மனுஷன் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டார் என்று தோன்றியது.

"எனக்கும் வேணாங்க" என்றேன். எனக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக அதையே சொன்னார்கள்.

மறுநாள் நாங்கள் மில் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தோம். அவித்த நெல் யாருக்காகவும் காத்திருக்காது, கிளறாவிட்டால் வாடை வந்துவிடும். மேனேஜர் மூட்டை ஆட்களைக் களத்தில் இறக்கினார். எங்களைப் பார்த்து விசிலடித்தவர்கள் காலைத் தூக்கித் தூக்கி நடந்தார்கள். நாங்கள் சிரித்த சிரிப்பு ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்.

சங்கத்துக்காரர் சைக்கிளில் ஓடிவந்தார். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று சட்டம் இருக்கிறது என்றார். எங்களுக்கு அது புதுச் செய்தி. பெண்கள் மட்டுமே செய்கிற வேலையை எந்த ஆணுடைய வேலையோடு ஒப்பிடுவது? அதற்கு ஒரு ஆண் எங்கள் வரிசையில் வந்து நிற்க வேண்டியிருந்தது. அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது மேனேஜரின் வாய்தான். ஆபீசர் மறுபடி கூப்பிட்டுவிட்டபோது மேனேஜர் ஒரே கூலிக்குக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த கூலி நாளில் ஆணாள், பெண்ணாள் என்ற பேச்சே எழவில்லை. "களத்தாள் எல்லாம் வாங்க" என்றார்கள்.

அதற்கடுத்த நாள் காலை, நடுக்களத்தில் மறுபடி வேட்டி நழுவியது. வரிசை புகைபோக்கியின் பக்கம் திரும்பியது. நான் முடிச்சைப் பிடித்தேன். அவர் மேலே பார்க்கவில்லை. குனிந்து என்னையே பார்த்தார்.

"நல்லா இறுக்கிக் கட்டுடி. ஆணாள் கூலி வாங்குறல்ல" என்றார்.

புகைபோக்கியைப் பார்த்து நின்ற முதுகுகள் அத்தனையும் குலுங்கின.