எண்ணெய் வைத்த பக்கம்

டெங்குக் காய்ச்சல் விட்டு மூன்று மாதம் கழித்துத்தான் அது தொடங்கியது. கிணற்றடியில் தலை முழுகிவிட்டு நிமிர்ந்து பார்த்தால், தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில் என் தலைமயிர் கற்றை கற்றையாகக் கிடந்தது. சீப்பிலும் தலையணையிலும் சோற்றிலும்கூட மயிர்.

இதைப் படிக்கிற உங்களுக்கும் இப்போது கொட்டிக்கொண்டிருக்கலாம். ஆறுதல் சொல்ல நான் இதை எழுதவில்லை. எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

முதலில் ஒரு தனியார் மருந்தகத்துக்குப் போனேன். அந்த வைத்தியர் என் தலையைத் தொட்டுப் பார்க்கவே இல்லை. "முப்பத்தஞ்சு தாண்டினால் பொம்பிளையளுக்கு இப்பிடித்தான். வடிவைப் பற்றி யோசிக்காமல் நல்லாச் சாப்பிடுங்கோ" என்று சொல்லி விற்றமின் குளிசை எழுதித் தந்தார். எனக்கு முப்பத்தாறு வயது. அண்மையில் காய்ச்சல் வந்ததா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

ஊரில் எல்லோரும் தண்ணீரைக் குறை சொன்னார்கள். வன்னியில் எதற்கெடுத்தாலும் கிணற்றுத் தண்ணீர்தான் குற்றவாளி. பிறகு கைபேசியில் ஒரு காணொளி வந்தது, அதன் பின்னால் இன்னும் நூறு வந்தன. ஊசி உருளை (சுற்றிவர நுண்ணிய ஊசிகள் பதித்த, கைப்பிடியுள்ள சிறு உருளை) ஒன்றைத் தலைத்தோலில் உருட்டச் சொன்னார்கள். சிறு சிறு காயங்கள் ஏற்படுமாம். அவை ஆறும்போது மயிரும் முளைக்குமாம். கூரியரில் எடுப்பித்தேன்.

நான் அக்கராயன் பக்கத்தில் விவசாயப் போதனாசிரியர். புது உரம் எது வந்தாலும் வயலின் ஒரு பாதிக்குப் போட்டு, மறுபாதியைச் சும்மா விட்டு, இரண்டையும் ஒப்பிட்ட பிறகுதான் நம்பவேண்டும் என்று விவசாயிகளுக்குச் சொல்வதே என் தொழில். என் தலைக்கும் அதையே செய்தேன். வகிட்டுக்கு இடப்பக்கம் ஊசி. வலப்பக்கம் சும்மா. வாரம் ஒரு தடவை உருளையை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, உருட்டி, திகதியைக் கொப்பியில் எழுதினேன்.

"தலையையும் வயலாக்கிப் போட்டீர். எப்ப அறுவடை?" என்று என் கணவர் கேலி செய்தார். பல்லைக் கடித்துக்கொண்டு உருட்டுவேன். ஊசி போன வழியெல்லாம் இரத்தம் பொட்டுப் பொட்டாக வரும். இரண்டு நாளைக்கு அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியாது.

பத்தாவது வாரம் இடப்பக்கத்தில் குட்டி மயிர்கள் எழும்பி நின்றன. கண்ணாடிக்கு முன்னால் நின்று அழுதேன். அடுத்த நாள் வயல் விழா. விவசாயிகளைக் கூட்டி நெல் இனங்களைக் காட்டுகிற நாள் அது. செல்வராணி அக்காவும் வந்திருந்தா. மலையகத்திலிருந்து இங்கே வந்து காடு வெட்டி வயலாக்கிய குடும்பம். குறுணிகூட வீணாக்காத விவசாயி. அவாவுக்கும் முன்தலை ஐதாகிக்கொண்டிருந்தது.

"மிஸ், ஒங்களுக்கு முடி வருதே! என்னா போட்டீங்க?"

"ஊசி உருளை அக்கா. நான் பாதித் தலையிலதான் செய்து பாத்தனான். வேலை செய்யுது."

இதைத்தான் சொன்னேன். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவேண்டும் என்பார்கள். எனக்குப் பொறுமை இருக்கவில்லை. ஊருக்கு உபதேசம் செய்கிற என் வாயிலிருந்து வந்த சொல் என்பதால் அவா அடுத்த கிழமையே அதை வாங்கிவிட்டா. பெட்டிக்குள் இருந்த தாளில் ஒரு வரிகூடத் தமிழில் இல்லை. அவா நாள் தவறாமல் உருட்டியிருக்கிறா. கிணற்றுத் தண்ணீரில் அலசிவிட்டு மறுபடியும் உருட்டியிருக்கிறா.

மூன்று கிழமை கழித்து அவாவின் மகள் அழைத்தாள். போய்ப் பார்த்தேன். முன்தலை முழுக்கச் சீழ்க் கட்டிகள், உடம்பில் அனல். வாகனம் பிடித்து வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

தோல் வைத்தியர் ஒரு இளம் பெண். ஃபொலிகுலைட்டிஸ் (மயிர்க்கால்களில் கிருமி தொற்றிச் சீழ் பிடிப்பது) முற்றிவிட்டது என்று சொல்லி, அக்காவை நோயாளர் விடுதியில் சேர்த்தா. பிறகு என் தலையைப் பார்த்து, "நீங்களும் உருட்டினனீங்களோ? உங்களுக்குக் காய்ச்சல் ஏதும் வந்ததே?" என்று கேட்டா.

"ஓம். டெங்கு. எட்டு மாசமாகுது."

அவா விளக்கினா. டெலோஜன் எஃப்ளூவியம் (கடும் காய்ச்சல், பிள்ளைப்பேறு போன்றவற்றுக்குச் சில மாதங்களுக்குப் பின் மயிர் மொத்தமாக உதிர்வது). பெரும்பாலும் தானாகவே திரும்ப முளைத்துவிடும். ஊசி சில வகை வழுக்கைக்கு வைத்தியரின் கையால் செய்யப்படுவது. எனக்கு அது தேவைப்பட்டிருக்கவே இல்லை.

"ஆனால் ஊசி போட்ட பக்கம்தானே முளைச்சது?" என்று நான் விடாமல் கேட்டேன்.

அவா பஞ்சை எடுத்து என் வலப்பக்கத்து எண்ணெயைத் துடைத்து, மயிரைப் பிரித்து, கண்ணாடியைப் பிடித்தா. அங்கேயும் அதே நீளத்தில் குட்டி மயிர்கள். இடப்பக்கத்தில் புண் என்று நான் எண்ணெய் வைப்பதில்லை, அதனால் அவை எழும்பி நின்றன. வலப்பக்கத்தில் எண்ணெய் பூசிப் படிய வாரியதில் எல்லாம் அமுங்கிக் கிடந்தன.

"இந்தப் பக்கத்தை நீங்கள் பாக்கேல்லையோ?"

பார்க்கவில்லை. சும்மா விட்ட பாதியை நான் ஒருநாளும் பிரித்துப் பார்க்கவில்லை. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்ததை மருந்தென்று ஊருக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு கேள்வி கேட்கச் சோம்பல்பட்ட அந்த வைத்தியர் மீது எனக்குக் கோபம். வாங்குகிறவருக்கு விளங்காத தாளை வைத்து ஊசி விற்கிறவர்கள் மீது கோபம். பெண்ணின் தலைமயிரை வைத்து அவளை அளக்கிற எங்கள் சனத்தின் மீதும் கோபம். எல்லாவற்றையும்விட என் மீது. அவர்கள் யாரும் செல்வராணி அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. நான் பேசினேன்.

புண் ஆறியது. முன்தலையில் இரண்டு இடத்தில் தழும்பு விழுந்துவிட்டது. அங்கே இனி முளைக்காது என்று வைத்தியர் சொல்லிவிட்டா. அக்கா இப்போது வயலுக்கும் கோயிலுக்கும் சேலைத் தலைப்பால் முக்காடிட்டுத்தான் போகிறா.

மாதாந்தக் கூட்டத்தில் எல்லாப் பெண்களுக்கும் முன்னால் நடந்ததைச் சொல்லி, பிழை என்னுடையது என்றேன். பிறகு அக்காவின் வீட்டுக்குப் போனேன். அதற்குள் என் தலைமயிர் மறுபடி அடர்ந்து வந்திருந்தது. அவாவுக்கு முன்னால் அதோடு இருக்கவே எனக்குக் கூசியது. மொட்டை அடிக்கப்போகிறேன் என்றேன்.

அவா அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. சுளகை நிறுத்தவில்லை.

"நீங்க வெட்டுனா எனக்கு மொளைக்குமா, மிஸ்?"

நான் வெட்டவில்லை. ஒரு காலத்தில் கண்ணாடிக்கு முன்னால் நின்று, எப்போது வளரும் என்று நாட்களை எண்ணினேன். இப்போது மாதத்துக்கு மாதம் அது நீளுகிறது. நான் கேட்காமலே வளர்கிறது, நிறுத்த எனக்கு வழி தெரியவில்லை.