அப்பாவுக்கு ஹார்ட்ஸ் மலையைச் சுற்றிக் காட்டியது

இந்த நாட்டில் மழை பெய்தால் மன்னிப்புக் கேட்கிறார்கள். தொலைக்காட்சியில் வானிலை சொல்பவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு "லைடர்" என்று தொடங்குவார். துரதிருஷ்டவசமாக என்று பொருள். துரதிருஷ்டவசமாக நாளை மழை. கீழ்வீட்டு ஃபிராவ் க்ரூகர் மாடிப்படியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், மேலே நின்று குடத்தைக் கவிழ்த்தது தான்தான் என்பதுபோல மழைக்காக வருத்தம் தெரிவிப்பார். நானோ நாகலாபுரத்துப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரன். மழை வந்ததற்கு வருத்தப்படுகிற ஆளை எங்கள் ஊரில் பார்த்தால் பேய் ஓட்டக் கோடாங்கியைக் கூப்பிட்டுவிடுவார்கள். ஒன்பது வருஷ ஜெர்மன் வாழ்க்கையில் நான் கற்றுக்கொண்டதெல்லாம், அவர் வருத்தப்படும்போது நானும் வருத்தப்படுவதுபோல முகத்தை வைத்துக்கொள்வதுதான்.

இப்படிப்பட்ட நாட்டுக்குத்தான் போன ஆனி மாதம் அப்பா வந்தார். பெயர் மாடசாமி. அறுபது செம்மறி ஆடுகளும், வானம் பார்த்த நாலு குறுக்கம் நிலமும்தான் அவருடைய உலகம். அம்மா போய் இரண்டு வருஷமாகிறது. அதிலிருந்து தனியாகக் கஞ்சி காய்ச்சிக் குடித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தால் இங்கே எனக்குச் சோறு இறங்காது. ஆடுகளை விற்றுவிட்டு எங்களோடு வந்து இருங்கள் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அப்பாவிடம் நேராகக் கேட்டு, அவர் ஒருமுறை "சரிப்படாது" என்றுவிட்டால், அந்தச் சொல்லை அவரிடமிருந்து திரும்ப வாங்க யாராலும் முடியாது. அதனால் கேட்கவே கூடாது, ஊரைக் காட்டியே மயக்கிவிடவேண்டும் என்று நானும் என் மனைவி செல்வியும் தீர்மானித்தோம். விமான நிலையத்தில் முதல் வேலையாக ஆடுகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டேன். "அதுக்கு ஆள் இருக்கு" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நாங்கள் இருக்கும் பிரவுன்ஷ்வைக் நகரத்திலிருந்து காரில் ஒரு மணி நேரம் போனால் ஹார்ட்ஸ் மலை. பழைய அரண்மனை, பழைய சுரங்கம், நூற்றாண்டுகளைத் தாண்டி நிற்கும் மரச்சட்ட வீடுகள், நீராவி ரயில், கடைசியில் ப்ரோக்கன் சிகரம் என்று பார்க்கவேண்டிய இடங்களுக்குக் குறைவில்லை. நான் எதற்கும் பட்டியல் போடுகிற ஆள். சனிக்கிழமைக்கு ஓர் இடம் என்று எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். மற்ற ஆறு நாளும் அவரை வீட்டில் ராஜா மாதிரி வைத்திருந்தோம். தட்டைக் கழுவப் போனால் செல்வி பிடுங்கிக்கொள்வாள். விளக்குமாற்றைத் தொட்டால் நான் பிடுங்கிக்கொள்வேன். "நீங்க சும்மா உக்காருங்க" என்ற வாக்கியத்தை அந்த இரண்டு மாதத்தில் நாங்கள் சொன்ன அளவுக்கு வேறெதையும் சொல்லவில்லை.

முதல் சனிக்கிழமை கோஸ்லர் அரண்மனை. பேரரசர்கள் தங்கிய இடம், இடிந்து கிடந்ததைப் பிற்காலத்தில் திரும்பக் கட்டினார்கள் என்று விளக்கினேன். அப்பா தலையாட்டினார். "அப்பம் நம்ம பாஞ்சாலங்குறிச்சி மாதிரிதான். பழசு எங்கன இருக்கு?" என்றார். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையும் பின்னால் கட்டிய நினைவுக் கோட்டைதான். மரச்சட்ட வீடுகள் நிற்கும் தெருவில் இன்னும் மோசம். சட்டங்கள் வெளியே தெரிய, கோணிக்கொண்டு நிற்கும் அந்த வீடுகளைப் பார்க்க உலகமே வருகிறது. அப்பாவோ குரலைத் தாழ்த்தி, இவ்வளவு வசதி இருந்தும் இவர்கள் ஏன் இன்னும் சுவரைப் பூசவில்லை என்று கேட்டார். வேட்டி, அதன் மேல் செல்வி வாங்கிய நீலக் குளிர்ச்சட்டை, தலையில் துண்டு என்று நின்றுகொண்டிருந்த அவரை ஒரு சுற்றுலாக் கூட்டம் வளைத்துக்கொண்டது. கூடவே நின்று ஒவ்வொருவராகப் படம் எடுத்துக்கொண்டார்கள். அரண்மனைக்குக்கூட அன்றைக்கு அவ்வளவு கிராக்கி இல்லை.

அடுத்த வாரம் சுரங்கம். துண்டைக் கழற்றமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, தலைப்பாகையின் மேல் தலைக்கவசத்தை ஏற்றிக்கொண்டு உள்ளே போனார். வெளியே வந்ததும், "பாவம், வெளிச்சத்தையே பாக்காம கிடந்திருக்கான்" என்று எந்தக் காலத்திலோ செத்துப்போன தொழிலாளிக்காக வருத்தப்பட்டாரே தவிர, மயங்கியதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் வீடு திரும்பியதும் அவர் கொஞ்சம் கூடுதலாக மௌனமானார். வயதானவர், அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன். பட்டியலை இன்னும் வேகமாகத் துரத்தினேன்.

ஆவணியில் ப்ரோக்கனுக்குப் போனோம். நான் கடைசி அஸ்திரமாக வைத்திருந்த இடம். மலையடிவாரத்திலிருந்து நீராவி ரயில். கரிப்புகை கக்கிக்கொண்டு அது வந்து நின்றதும் பயணிகள் குழந்தைகளைப்போலக் கைதட்டினார்கள். அப்பாவுக்கு மட்டும் முகம் வாடிவிட்டது. மணியாச்சி ஜங்ஷனில் இளவட்டமாக இருந்தபோது அவர் பார்த்த கரிவண்டி அது. "நம்ம ஊர்லயே இதை விட்டு எத்தனையோ வருசமாச்சு. இவிய இன்னும் இதுலதான் போறாவளா?" என்று பரிதாபப்பட்டார். பெட்டிக்குள் எதிரே இருந்த அம்மாளுக்கு ஆறுதலாகப் புளியோதரைப் பொட்டலம் ஒன்றை நீட்டினார். அந்த அம்மாள் தயங்கித் தயங்கி வாங்கி, ஒரு வாய் தின்றுவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் தேடினார்.

உச்சியில் ஒன்றும் தெரியவில்லை. அத்தனை மேகம். நீட்டிய கை தெரியாத அந்த வெள்ளைக்குள், சிகரம் என்று எழுதிவைத்த ஒரு பெரிய பாறையைத் தொட்டுப் படம் எடுத்துக்கொள்ள வரிசை நின்றது. மலை உச்சி, கல், வரிசை. அப்பாவுக்கு யாரும் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை. காலணியைக் கழற்றி ஓரமாக வைத்தார். முறை வந்ததும் பாறையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மூன்று சுற்று சுற்றினார். பின்னால் நின்ற வயதான தம்பதி, இதுதான் முறை போலிருக்கிறது என்று அரைச் சுற்று சுற்றிவிட்டு என்னைப் பார்த்தார்கள். பிறகு அந்தப் பெரியவர், இவ்வளவு தூரம் வந்தும் மேகத்தால் ஒன்றும் பார்க்க முடியவில்லையே, மன்னியுங்கள் என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவர் கலங்கியதைப் பார்த்து, வீட்டில் ஏதும் சாவா என்று அப்பா என்னிடம் கேட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"மேகத்துக்கு உள்ளயே நிக்கோம். இதுக்கு மேல என்னத்தப் பாக்கணுமாம் இவியளுக்கு?" என்றார். துண்டை அவிழ்த்து, அதில் படிந்த ஈரத்தை முகத்தில் துடைத்துக்கொண்டார். அன்றைக்குத்தான் அவர் முகத்தில் முதல் சிரிப்பைப் பார்த்தேன். அடுத்ததாக ஹானன்க்ளே மரத் தேவாலயம், ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள் என்று, ரயிலில் கீழே இறங்கியதும் அவரைக் காருக்குள் தள்ளினேன்.

வழியில் ஒரு புல்வெளி. முந்நூறு ஆடுகள் இருக்கும். "வண்டிய நிறுத்துலே" என்றார். இரண்டு மாதத்தில் அவர் தனக்கென்று என்னிடம் கேட்ட முதல் விஷயம் அதுதான். நிறுத்தினேன். மேய்ப்பவர் ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண். வலைவேலிக்கு வெளியே நின்று கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். இது யார் நிலத்துக்குப் போட்ட கிடை என்று கேட்கச் சொன்னார் அப்பா. எங்கள் பக்கம் அறுப்பு முடிந்த நிலத்தில் ஆடுகளை இராத் தங்கவைத்தால் உரத்துக்காக நிலத்துக்காரர் ஏதாவது கொடுப்பார். அதைக் கிடை என்போம். அந்தப் பெண்ணோ, இங்கே உரத்துக்கு அல்ல, மேய்ச்சல் நின்றுவிட்டால் புதர் மண்டி இந்த மலைப் பூக்கள் அழிந்துவிடும், அதனால் அரசாங்கமே மேய்க்கச் சொல்கிறது என்றார். பூவைக் காப்பாற்ற ஆட்டை விடுகிறார்கள் என்று நான் மொழிபெயர்த்ததை அப்பா நம்பவில்லை. ஆடு பூவைத்தானே முதலில் தின்னும், நீ பாஷையைச் சரியாகப் படிக்கவில்லை என்றுவிட்டார்.

அதற்குள் அவர் கண் ஓர் ஆட்டின்மேல் போய்விட்டது. பின்னங்கால் நொண்டியது. நான் தடுப்பதற்குள் வேலியைத் தாண்டி, ஆட்டின் காலைப் பிடித்து ஒரே புரட்டாகப் புரட்டிவிட்டார். நாய் குரைக்கிறது, அந்தப் பெண் கத்துகிறார், நான் மன்னிப்புக் கேட்கிறேன். அப்பா நிதானமாகக் குளம்பைத் தூக்கிக் காட்டினார். வளர்ந்து மடங்கிய நகத்துக்கு இடையில் ஒரு கூர்ங்கல். பார்த்த அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டு, இடுப்பிலிருந்த குளம்பு வெட்டியை எடுத்து நீட்டினார். அதற்குப்பின் என்னை யாரும் மதிக்கவில்லை. அவர் ஆட்டைப் பிடித்துத் தர, அப்பா குளம்பை வெட்ட, பதினோரு ஆடுகள் முடிந்தன. அவர் ஜெர்மனில் பேசினார், இவர் கரிசல் தமிழில் பதில் சொன்னார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தேவாலயம் மூடிவிட்டது.

காரில் வரும்போது அப்பாவின் கையிலிருந்து ஆட்டு வாடை அடித்தது. ஆடுகளை விட்டு இவர் எங்கே வரப்போகிறார், எல்லாம் பாழ் என்று எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. கேட்கக்கூடாது என்ற தீர்மானம் போன இடம் தெரியவில்லை.

"அப்பா, அந்த ஆடுகளை வித்துட்டு எங்ககூடவே இருந்திருங்களேன்."

"எந்த ஆட்டை?"

"நம்ம ஆட்டைத்தான்."

"அதைப் பங்குனியிலேயே வித்தாச்சுலே."

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"உங்ககூடவே இருந்திரலாம்னுதான் வித்துட்டு வந்தேன். வந்த வாரத்துலேருந்து நீ ஊர் சுத்திக் காட்டுத. விருந்தாளியத்தானலே ஊர் சுத்திக் காட்டுவாவ. வீட்டு ஆளுன்னா ஒரு வேலை சொல்லுவாவ. ஒரு தட்டைக் கழுவ விட்டியளா நீங்க? சரி, பய நம்மள நல்லபடியா அனுப்பி வைக்கப் பாக்கான்னு இருந்துக்கிட்டேன்."

எனக்கு அத்தை ஞாபகம் வந்தது. புருஷனை இழந்து, ஒரு பையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றவள். அம்மா வா என்றுகூடச் சொல்லவில்லை. உளுந்தை முறத்தில் கொட்டி, "இதைப் புடைச்சுக் குடு மைனி" என்று நீட்டினாள். அத்தை பையை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தாள். சாகும்வரை எங்கள் வீட்டில்தான் இருந்தாள். சென்னையிலிருந்து வந்த சம்பந்தக்காரர்களைத்தான் அப்பா கழுகுமலை, பாஞ்சாலங்குறிச்சி என்று கூட்டிப்போய்க் காட்டினார். அவர்களும் மூன்றாம் நாள் பேருந்து ஏறிவிட்டார்கள். இதெல்லாம் தெரிந்து வளர்ந்த நான்தான் பெற்ற தகப்பனை எட்டுச் சனிக்கிழமை விருந்தாளியாக்கியிருக்கிறேன். ஹார்ட்ஸ் மலையில் எனக்குச் சரியாகத் தெரிந்த ஒரே காட்சி அன்றைக்கு என் முட்டாள்தனம்தான்.

விசா விஷயத்தையும் அங்கேயே சொன்னேன். மூன்று மாதம் இங்கே இருந்தால் மூன்று மாதமாவது வெளியே இருக்கவேண்டும், நிரந்தரமாகத் தங்க அவ்வளவு லேசில் விடமாட்டார்கள் என்று. ஊரில் ஆடு இல்லை, இங்கே தாள் இல்லை. அப்பா விரல் விட்டு மாதத்தைக் கணக்குப் பார்த்தார். "புரட்டாசி விதைப்புக்குப் போறேன். அறுப்பை முடிச்சுட்டு வாரேன். கிடை மாத்துத மாதிரிதான். என்ன, இந்தத் தடவ ஆடு நான்தான்" என்றார்.

திங்கட்கிழமை காலை நான் அவரைக் கூப்பிட்டு, குப்பைத் தொட்டியை ரோட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வாருங்கள் என்றேன். சொல்லும்போது எனக்குத்தான் கூச்சம். அவர் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல் இறங்கிப் போனார். இந்த நாட்டுக் கதவுகள் சாத்தினால் தாமாகப் பூட்டிக்கொள்ளும் என்று நான் சொல்ல மறந்துவிட்டேன். பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தபோது அப்பா பூட்டிய வாசலில் நிற்க, நாங்கள் வீட்டுக்குள்ளேயே உட்காரவைத்திருந்த அவரை இதுவரை பார்த்திராத ஃபிராவ் க்ரூகர், யாரைப் பார்க்கவேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அப்பா அழைப்புமணிப் பலகையைப் பார்த்தார். ஊர்ப் பலகைகளிலும் ரேஷன் அட்டையிலும் பார்த்துப் பழகிய ஆங்கில எழுத்துகள். ஒவ்வொன்றாக விரல் ஓட்டி, எங்கள் வீட்டுப் பெயரில் நிறுத்தி, தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். நம் தகப்பன் பெயர்தானே இங்கே நம் குடும்பப் பெயர். ஒன்பது வருஷமாக அந்தப் பலகையில் இருந்தது அவர் பெயர்தான்.

"ஹெர் மாடசாமி?" என்றார் ஃபிராவ் க்ரூகர், என்னைக் கூப்பிடும் அதே பெயரில், நம்பமுடியாமல்.

மேலிருந்து நானும் கீழிருந்து அப்பாவும் ஒரே நேரத்தில் "யா" என்றோம்.