ஒப்பிட ஒரு மூக்கு

காலை பத்து ஐந்து. டாக்டரம்மாவின் மேசையில் இரண்டு கண்ணாடிச் சில்லுகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்றில் அண்ணன் மூக்கிலிருந்து பஞ்சுக்குச்சியால் எடுத்தது. மற்றதில் மதினி மூக்கிலிருந்து எடுத்தது.

அண்ணன் தச்சர். தொண்ணூறுகளின் நடுவில் காரைக்குடியில் பெரிய வீடுகளைப் பிரித்து விற்றார்கள். அந்தத் தேக்குக் கதவுகளை இழைக்கும் வேலை அவருக்கு ஓயாமல் இருந்தது. நான்கு மாதமாக இருமல். காசநோய் இல்லை என்றாகிவிட்டது. நுரையீரலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க மதுரையில் சொன்னார்கள், மறுத்துவிட்டார். பட்டறையை மூடச் சொல்வார்களோ என்று பயம்.

"குழாய் அப்புறம். மூக்குல தொடங்குவோம்," என்று சற்று முன் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. "மூக்குக்குள்ள இருக்கதும் நுரையீரல் குழாய்க்குள்ள இருக்கதும் ஏறக்குறைய ஒரே தோல்தான். மேல கெட்டிருந்தா கீழயும் கெட்டிருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது."

ஒப்பிட்டுப் பார்க்க, மரவேலை செய்யாத ஒருவர் வேண்டுமென்றார். எனக்கு அன்று ஜலதோஷம். மதினி முன்னால் வந்தார்.

"என்னோடத எடுங்க டாக்டரம்மா. நான் உளியத் தொட்டதே இல்ல. இவுகளுக்குத்தான் பஞ்சுக்குச்சியப் பாத்தாலே நடுக்கம்."

"ஓம் மூக்கு நல்ல மூக்குன்னு யாரு சொன்னா?" என்றார் அண்ணன்.

சாயம் ஏற்றிய சில்லுகளை டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பிறகு அவற்றில் ஒட்டியிருந்த எண்களைச் சரிபார்த்தார். மாறவில்லை. ஒவ்வாமையைக் காட்டும் அணுக்கள் அண்ணனுடையதில் இருந்தன. மதினியுடையதில் மொய்த்துக் கிடந்தன.

"வீட்ல என்ன அடுப்பும்மா?"

"தூள் அடுப்பு. பட்டறை மரத்தூள அள்ளிச் சலிச்சு, அடுப்புக்குள்ள நாந்தான் இடிச்சுக் கெட்டிப்பேன்."

"இருமல் உண்டா?"

"அடுப்படின்னா இருமத்தான செய்யும்."

மூச்சின் வேகத்தை அளக்கும் குழாயை அண்ணன் முதலில் ஊதினார். அடுத்து மதினி மூன்று முறை ஊதினார். முள் அண்ணன் தொட்ட இடத்தில் பாதிக்குக்கூட வரவில்லை. அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தார். மதினியை அதில் உட்காரச் சொன்னார்.

அடுப்படிக்கு அடுத்த அறையில் உட்கார்ந்துதான் நான் தினமும் பத்திரிகைக்குச் செய்தி எழுதினேன். அண்ணனின் இருமல் எந்த மாதம் தொடங்கியது என்று சொல்ல என்னால் முடிந்தது. மதினி இருமிக் கேட்டதாக நினைவே இல்லை.

அண்ணனுக்கு மாத்திரை, மூக்கில் துணி கட்டிக்கொண்டு வேலை பார்க்கலாம். மதுரைக்கான கடிதம் மதினி பெயரில் இருந்தது. பிரசவங்களுக்குப் பிறகு அவர் பெயருக்கு எழுதப்பட்ட முதல் ஆஸ்பத்திரிச் சீட்டு அது.