பாலன் கலக்கும் புகையிலை

என் வீட்டுக்காரர் பாலன் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். கோகுலம் என்ற பகுதியில், யோகா படிக்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் வீடு ஒன்றைப் பார்த்துக்கொள்கிறார். அங்கே குழாய் ஒழுகினால் அவரே கழற்றி மாட்டுவார். தோட்டத்துச் செடிகளை நூல் பிடித்த மாதிரி வெட்டி நிறுத்துவார். குடித்த காலத்தில் குடியும் அப்படித்தான் இருந்தது. தள்ளாடமாட்டார், சத்தம் போடமாட்டார். சொல்லும் பொய்யில் ஓர் ஓட்டை இருக்காது. நாம் கேட்பதற்கு முன்பே பாதியை அவராகவே சொல்லிவிடுவார். மீதியைக் கேட்க நமக்குத் தோன்றாது. ஒரு நாள் எங்கள் மகள் காவேரியைப் பள்ளியிலிருந்து அழைத்துவர மறந்துபோனார். இருட்டும் வரை பிள்ளை வாட்ச்மேன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அதற்கும் ஒரு கதை வைத்திருந்தார், பஸ் மறியல் என்று. நான் நம்பினேன். அன்று மறியலே இல்லை என்பது அடுத்த வாரம் பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது.

அதன் பிறகு அவருடைய சொந்த ஊரான கௌதள்ளியிலிருந்து என் மாமியார் மாரக்காளை வரவழைத்தேன். மூன்று பேரும் மாதேஸ்வரன் மலைக்குப் போனோம். இனி இதை வாயில் வைக்கமாட்டேன் என்று அவர் சாமி முன்னால் கற்பூரத்தை அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார். நான் நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்காதவள். அன்று வரிசையில் நின்றவர்கள் காதில் விழும்படியே சொன்னேன்: "மறுபடி தொட்டீங்கன்னா பிள்ளையக் கூட்டிட்டுப் போயிருவேன். அத்தைதான் சாட்சி." அத்தையும் தலையாட்டினார்.

மூன்று வருடம் நன்றாகவே போனது. போன மழைக்காலத்தில்தான் எனக்கு மறுபடி உறுத்த ஆரம்பித்தது.

மண்டி மொஹல்லாவில் ஊதுபத்தி பாக்கிங் செய்யும் இடத்தில் எனக்கு வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது மூக்கு முழுக்கச் சந்தனமும் தாழம்பூவும் ஏறியிருக்கும். அடுப்பில் சோறு அடிப்பிடித்தால்கூடத் தெரியாது. குடித்த காலத்தில் அது அவருக்கு வசதியாக இருந்தது. லீவு நாளில்தான் எனக்கு மூக்கு என்று ஒன்று வேலை செய்யும். அப்படியொரு லீவு நாளில் துவைக்க எடுத்த சட்டையில் கனிந்த பழ வாசம் அடித்தது. கீழே வேறு ஏதோ கருகிய வாசமும் இருந்தது. அவர் பழம் விரும்பிச் சாப்பிடுகிறவர் இல்லை.

பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. சாயங்காலம் ஆனால் மொட்டைமாடிக்குப் போனார். இறங்கி வரும்போது வாயில் கிராம்பு இருந்தது. டப்பாவில் கிராம்பு குறைந்தது, தேன் பாட்டில் இறங்கியது. காரக்குழம்பைத் தொடாமல், "மோரு ஊத்து போதும்" என்றார். என்னிடம் அளவுக்கு மீறி இனிமையாகப் பேசினார். இத்தனையும் எனக்குப் பழகிய அடையாளங்கள்.

"ஏனுங்க, மேல போயி என்ன பண்றீங்க?"

"சும்னே, சும்மா காத்தாட நிக்கறேன் புள்ள."

மறுநாள் ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் மாடி ஏறினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்தார். வாயில் வளைந்த மரக்குழல் ஒன்று. கன்னம் ஒட்ட ஒட்ட இழுக்கிறார், புகையைக் காணோம். காலடியில் கருகிய தீக்குச்சிகள் சிதறிக் கிடந்தன. "பிடிக்கவே மாட்டேங்குதே மாராயா" என்று குழலிடமே சலித்துக்கொண்டார்.

"சிலும்பியா?" என்றேன்.

தூக்கிவாரிப் போட்டு எழுந்தார். "ஐயய்யே! கஞ்சா இல்ல புள்ள. இது பைப்பு. துரைமாருக வாயில வெச்சுக்குவாங்கள்ல, அது. மோந்து பாரு, எப்பிடி மணக்குதுன்னு."

விடுதியில் மகளோடு வந்து தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனாராம். மகள் யோகாவுக்குப் போன நேரமெல்லாம் அவர் தோட்டத்தில் பைப்போடு உட்கார்ந்திருப்பாராம். இவர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே அந்த வாசத்தை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார். கூடவே தீரும் நிலையில் மூன்று புகையிலை டப்பாவும் கிடைத்தன. ஒன்றில் செர்ரிப்பழ வாசம், ஒன்றில் கேக் வாசம். மூன்றாவது டப்பாவை அன்று அவர் எனக்குக் காட்டவில்லை.

குழம்பு இறங்காததற்கும் காரணம் சொன்னார். புதிது என்பதால் அவசரமாக இழுத்து நாக்கை வேகவைத்துக்கொண்டாராம். நீட்டிக் காட்டினார். நுனி சிவந்துதான் இருந்தது.

நிம்மதி வர வேண்டும்தானே? வரவில்லை. கேட்டதும் மடமடவென்று எல்லாவற்றையும் சொல்கிறவர் எதையாவது பின்னால் வைத்திருப்பார் என்பதைப் பட்டுத் தெரிந்தவள் நான். துணியை உலர்த்திவிட்டு இறங்கினேன். அன்றிலிருந்து தினம் ஒரு சாக்கில் மாடிக்குப் போனேன்.

டப்பாக்கள் தீர்ந்தபின் அவரே கலக்க ஆரம்பித்தார். இங்கே ஹொகேசொப்பு என்று புகையிலை விற்கும் கடையில் வெறும் இலை வாங்கிவந்து, நரம்பைக் கிழித்து, முடி மாதிரி மெல்லிசாக நறுக்கினார். முதலில் வெல்லப்பாகு ஊற்றிப் பிசைந்தார். அது பூஞ்சை பூத்து, எறும்பு மொய்த்து, மொத்தமும் குப்பைக்குப் போனது. அடுத்து ஆரஞ்சுத் தோலோடு இட்லிச் சட்டியில் ஆவி கட்டினார். அந்தச் சட்டியைப் புளி போட்டுத் தேய்த்தும் இட்லி ஒரு வாரம் நாறியது. காவேரி டிபனைத் தொடாமல் பள்ளிக்கு ஓடினாள். ஈரமாக அடைத்தால் பைப்புக்குள் தண்ணீர் களகளவென்று கொதிக்கும். அதிகம் காயவைத்தால் தொண்டையைச் சுட்டுவிடும். தேனில் கிராம்புப் பொடி குழைத்துத் தடவி, நிழலில் உலர்த்தி, அடியில் தளர்வாகவும் மேலே சற்று அழுத்தியும் அடைத்த நாளில்தான் அணையாமல் எரிந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பிள்ளை முதல் முறை சைக்கிள் ஓட்டிக் காட்டுகிற முகம். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் அவர் கை எங்கெங்கே போகிறது என்று பார்ப்பதை நான் விடவில்லை.

தீபாவளிக்கு முன்னால் அத்தை வந்தார். வெற்றிலைப் பையைக் கௌதள்ளியிலேயே மறந்துவிட்டு வந்தவர், வெற்றிலையை மட்டும் கடையில் வாங்கிவிட்டார். நான் சனிக்கிழமை வேலை முடிந்து வந்தபோது ஒரு கன்னம் உப்ப, சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மணி, என்ற மவன் எனக்குன்னு பொகையில நறுக்கி அலமாரி மேல வெச்சிருக்கறான். நீ ஒரு வார்த்த சொல்லலியே?"

"ஐயோ அத்தை, அது மெல்லறது இல்லீங்க!"

"பின்ன, பொகையிலய நெத்தியிலயா பூசுவாங்க?" என்று இன்னும் இரண்டு மென்றார். மெதுவாகத் தாடை நின்றது. முகம் மாறியது. ஓடிப்போய் வாசல் சாக்கடையில் துப்பிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன அத்தை, கிறுகிறுன்னு வருதுங்களா?"

"கிறுகிறுப்பு கெடக்குது. இதுல ரம்மு வாசம் அடிக்குது அம்மணி."

"தேனுங்க அத்தை. தேனும் கிராம்பும்."

"உன்ற மாமனாரோட நாப்பது வருசம் குடும்பம் பண்ணுனவ நானு. எனக்கா தேனு எது, ரம்மு எதுன்னு தெரியாது?"

என் மூக்கு அன்று எதற்கும் உதவாது. மாடிக்குப் போனேன். தொட்டிக்கும் சுவருக்கும் இடையில் கை விட்டதும் தரை துடைக்கும் துணி ஒன்று சுருட்டினாற்போல் கையில் தட்டுப்பட்டது. உள்ளே குவார்ட்டர் பாட்டில். சீல் உடைத்திருந்தது. கழுத்துக்குக் கொஞ்சம் கீழே வரை இருந்தது.

காவேரியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினேன். பாலன் வந்து கைகால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்ததும் பாட்டிலைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"அது பொகையிலைக்குப் புள்ள" என்றார் உடனே.

"பொகையில எப்படா ரம்மு கேட்டுச்சு?" என்றார் அத்தை.

"வெளையாடாதம்மா. அந்தப் பெரியவரு குடுத்த மூணாவது டப்பா மேல பாட்டில் படம் போட்டிருந்துது. அதுதான் எல்லாத்துலயும் நல்லா இருந்துது. ஒரு மூடி தெளிச்சு ஊற வெச்சா அதே வாசம் வருது."

"தெளிச்சுப்போட்டு மூடிய என்ன பண்ணுவே? நக்குவியா?"

"மலையில இருக்கற மாதப்பன் ஆணையா வாயில வெக்கலம்மா."

"பொகைய எதுல இழுக்கறே? காதுலயா?"

அவர் வாயைத் திறந்தார், மூடினார். என் கல்யாணத்துக்குப் பின் அவரிடம் பதில் இல்லாமல் நான் பார்த்தது அன்றுதான். ஓட்டை இல்லாத பொய்களையே கேட்டுப் பழகிய எனக்கு, இவ்வளவு ஓட்டையுள்ள கதை நிஜமாகத்தான் இருக்குமோ என்று தோன்றியது. இதையும் கற்றுக்கொண்டுவிட்டாரோ என்றும் தோன்றியது.

அத்தை என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. "நீ போறதுன்னா போ அம்மணி. சாட்சிக்கு நிக்கறேன்னு மலையில தலையாட்டுனவ நானு. என்ற மவன்னு பாக்கமாட்டேன்."

பாலன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிசைந்த சோறு காய்ந்துகொண்டிருந்தது. போய்விடலாம் என்று என்னாலும் சொல்ல முடியவில்லை, இருக்கிறேன் என்றும் சொல்ல முடியவில்லை.

"நாளைக்கு லீவுதானுங்க," என்றேன். "என் முன்னால கலந்து காட்டுங்க."

மறுநாள் காலையில் வெயில் ஏறியபின் மாடிக்குப் போனோம். அத்தை முழங்கால் வலி என்று படியிலேயே உட்கார்ந்துகொண்டார். பாலன் எவர்சில்வர் தாம்பாளத்தில் நறுக்கிய இலையைப் பரப்பினார். தேன் விட்டுப் பிசிறினார். அதுவரை கை தெளிவாக ஓடியது. பிறகு பாட்டிலைத் திறந்தார். மூடியில் ஊற்றும்போது அது வழிந்து, விரலிடுக்கில் ஓடியது. ஒரு மூடியை இலையில் தெளித்தார். நான் இலையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தேன். தெளித்து முடித்தும் பாட்டிலைக் கீழே வைக்கவில்லை. ஈரமான கையை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, அப்படியே இருந்தார். நான் நிற்பதே அவருக்கு மறந்துவிட்டது.

குடிக்கவில்லை என்பது அப்போது எனக்கு உறுதியாகிவிட்டது. குடித்திருந்தால் இப்படி ஏங்கமாட்டார். அந்த மழைக்காலம் முழுக்க அவர் மாடியில் எந்த வாசத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தார் என்பதும் தெரிந்துபோனது.

"ஏனுங்க," என்றேன்.

கண்ணைத் திறந்தார். கையை லுங்கியில் துடைத்தார். "பாத்தியல்ல? ஒரு மூடிதான்" என்றார்.

"ஊத்திருங்க."

தண்ணீர் போகும் குழாய் வாயில் சாய்த்தார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சாய்த்தார். பாதி போனதும் கை தானாக நிமிர்ந்தது. பாட்டிலை என்னிடம் நீட்டினார்.

"மிச்சத்த நீ ஊத்து புள்ள."

படியில் உட்கார்ந்திருந்த அம்மாவைத் தாண்டிக் கீழே இறங்கிப் போனார். நான் ஊற்றிவிட்டுத் தண்ணீரும் கொட்டினேன். தாம்பாளத்தில் இருந்ததையும் கவரில் கட்டிக் குப்பையில் போட்டேன்.

"என்ன அம்மணி, போறியா, இருக்கறியா?" என்றார் அத்தை.

"இருக்கறேனுங்க அத்தை."

"இருந்துக்க. ஆனா கண்ண மூடாத." முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பண்டிகை முடிந்து ஊருக்குப் போகும்வரை மகனிடம் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை.

பாலன் இப்போதும் லீவு நாளில் புகையிலை கலக்கிறார். தேன், கிராம்பு, சில சமயம் சோம்பு. நான் துணி மடிக்கிற சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். எதற்கு உட்கார்கிறேன் என்று அவருக்குத் தெரியும். போ என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நேற்று ஏலக்காய் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அவர் முன்னால் படியேறினார், நான் பின்னாலேயே ஏறினேன்.