கல் எடுத்த தீவு

இரண்டாவது உலக யுத்தம் முடிந்த மறு வருஷம் எனக்குத் தூத்துக்குடியில் வேலை கிடைத்தது. கடற்கரையைத் திருத்திக் கட்டுவதற்கென்று திறந்திருந்த ஓர் அலுவலகத்தில் படம் வரைகிற வேலை. நாசரேத்தில் படிப்பை முடித்துவிட்டு நாலு வருஷம் சும்மா திரிந்தவனுக்கு அது சின்ன விஷயமில்லை. கல்யாணமாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து மனைவியை அழைத்து வந்தேன்.

திட்டம் எளிமையானது. சரக்கு இறக்கும் பாலத்துக்கும் மீன்பிடிக்கிறவர்களின் தெருவுக்கும் நடுவில் ஓர் உப்பங்கழி இருந்தது. முழங்கால் ஆழச் சேறு, அதில் அடர்ந்த கண்டல் மரங்கள். அதைத் தூர்த்து மேடாக்கிச் சரக்கு வைக்கும் கிட்டங்கிகளும் ஒரு சாலையும் போடவேண்டும். தூர்ப்பதற்கான கல் கடலிலேயே இருந்தது. கரைக்கு எதிரே தெரிந்த சிறிய தீவைச் சுற்றித் தண்ணீருக்கு அடியில் பவளப்பாறை வளையமாகக் கிடந்தது. கடப்பாரையால் பெயர்த்துத் தோணியில் ஏற்றிக் கொண்டுவந்தால் போதும்.

கண்டல் மரங்களை வெட்டிய நாளில் நானும் போய் நின்று பார்த்தேன். வருத்தம் ஒன்றும் தோன்றவில்லை. ரேஷன் அரிசிக்கு வரிசையில் நிற்கிற காலம் அது. கிட்டங்கி வந்தால் கப்பல் வரும், கப்பல் வந்தால் என் மைத்துனனைப் போல ஊரில் சும்மா இருக்கிறவர்களுக்கு வேலை வரும் என்றுதான் நினைத்தேன். கொக்குகள் மட்டும் உட்கார இடமில்லாமல் மூன்று நாள் அந்த இடத்தையே சுற்றிக்கொண்டிருந்தன. நாலாம் நாள் ஒன்றையும் காணவில்லை.

முதலில் ஏதோ சரியில்லை என்று கண்டவள் என் மனைவி. அவள் தாமிரபரணிக் கரையில் வயல்காட்டு ஊரில் பிறந்தவள். கடல் அவளுக்குப் புதிது.

"ஏங்க, பருப்பு வேகவே மாட்டேங்கு" என்றாள் ஒரு நாள்.

நான் பருப்பைக் குறை சொன்னேன். கடையை மாற்றினேன். புதுப் பருப்பும் கல்லாகவே கிடந்தது. பிறகுதான் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தேன். இலேசாகக் கரித்தது. பக்கத்து வீட்டுக் கிணறும் அப்படித்தான். உப்பங்கழியைத் தூர்க்க ஆரம்பித்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

இன்னொரு நாள் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "கடல் சத்தம் முன்னவிடக் கிட்டத்துல கேக்கு."

"காத்து மாறியிருக்கும்ளா" என்றேன்.

அவள் அடுத்த துணியை எடுத்து உதறினாள். ஆனால் அன்றிலிருந்து நானும் அந்தச் சத்தத்தைக் கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

அடுத்த மாதம் தீவைச் சுற்றி ஆழம் அளந்து வரும்படி என்னை அனுப்பினார்கள். கூட வந்தவர் சங்கு குளிக்கிறவர். என் வயதுதான் இருக்கும். முத்துக்குளிப்பு இல்லாத வருஷங்கள் அவை; சங்கும் குறைந்துபோனதால் அலுவலக வள்ளத்தில் கூலிக்கு வந்துகொண்டிருந்தார். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை அவர் இறக்குவார், ஓர் ஆள் ஆழத்தை ஒரு பாகமாக வைத்து எத்தனை பாகம் என்று சொல்வார், நான் எழுதுவேன்.

பழைய படத்தில் ஒரு பாகம் என்றிருந்த இடத்தில் குண்டு இரண்டரை பாகம் இறங்கியது. நான் தவறு என்று நினைத்து மறுபடி இறக்கச் சொன்னேன். அதே அளவுதான். தண்ணீர் கஞ்சித் தண்ணீர் போல வெளுத்துக் கிடந்தது. அவர் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டுக் குதித்தார். வெகுநேரம் ஆனது போல இருந்தது. மேலே வந்து வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"கீழ கல்லே இல்ல அண்ணாச்சி. பூரா குழி. ஒரு மீனு கெடையாது."

"எல்லாப் பக்கமுமா?"

"கரைப் பக்கம் முடிச்சிட்டானுவ. இப்ப வெளிக்கடல் பக்கம் கை வைக்கானுவ. அந்தக் கல்லுதான் வாடைக் கடலை மறிக்கி. அதையும் எடுத்தா தீவு நிக்காது. தீவு நிக்கலைன்னா எங்க தெரு நிக்காது."

அலுவலகத்துக்குப் போய் எஞ்சினீயரிடம் சொன்னேன். அவர் சென்னையிலிருந்து வந்தவர், நல்ல மனிதர். சத்தம் போடவில்லை. என் அளவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு சிவப்புப் பென்சிலால் தீவின் வெளிப்புறத்தில் ஒரு கோடு போட்டார்.

"ஊருக்கு வேலையும் வேணும், தீவும் வேணும். இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் யாரும் கல்லைத் தொடக் கூடாது. கம்பு நட்டுட்டு வாங்க."

நானும் சங்கு குளிக்கிறவரும் இரண்டு நாள் வேலை செய்து பாறை இடுக்குகளில் சவுக்குக் கம்புகளை இறுக்கி, உச்சியில் சிவப்புத் துணி கட்டினோம். வரும்போது அவர் சிரித்துப் பேசிக்கொண்டே வந்தார். வீட்டுக்கு இரண்டு பெரிய நண்டு கொடுத்தனுப்பினார். இரண்டு பக்கத்துக்கும் நியாயமாக ஒன்று செய்துவிட்டோம் என்ற நிறைவு எனக்கு இருந்தது.

அது மூன்று மாதம்தான். எஞ்சினீயரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவர், மழைக்காலத்துக்கு முன் கிட்டங்கிகளுக்குத் தளம் போட்டாக வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். கல் குறையவே இல்லை. உள்பக்கத்தில் கல் தீர்ந்திருக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தோணிகள் நிறைந்துதான் வந்தன.

மறுபடி அளக்கப் போனபோது கம்புகள் நின்றன. துணி பறந்தது. ஆனால் அவை நாங்கள் நட்ட இடத்தில் இல்லை. நாற்பது, ஐம்பது அடி வெளியே தள்ளி நின்றன. அவை நின்ற இடத்துக்கு அப்பால் பாறையே இல்லை, ஆழக்கடல்தான்.

"யாரு பிடுங்கினது?" என்று கேட்டேன்.

சங்கு குளிக்கிறவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். தலை நிமிரவில்லை.

"நாந்தான்."

"நீரா?"

"உள்ள கல்லு தீந்து போச்சி. கல்லு இல்லைன்னா நாளைக்கு வேலைக்கு வராதீங்கன்னுட்டாரு கல்லுக் குத்தகைக்காரரு. எங்க தெருவுல முப்பது குடும்பம் இப்ப கல்லுத் தோணியிலதான் இருக்கு. எல்லாரும் என்னையத்தான் கேக்காவ, நீதானலே கம்பு நட்டே, நீயே தள்ளி நடுன்னு. நான் என்ன செய்ய?"

நான் அளவுப் புத்தகத்தை மூடினேன். வள்ளத்தைக் கரைக்குத் திருப்பினோம்.

என் பங்கை இப்போது சொல்லவேண்டும். புதிய எஞ்சினீயர் கம்புகள் இருக்கும் இடத்தைப் படத்தில் குறிக்கச் சொன்னார். பழைய இடத்தைக் குறித்து, நடந்ததை எழுதிக் கொடுத்திருக்கலாம். சங்கு குளிக்கிறவரின் பெயர் வெளியே வரும், முப்பது குடும்பமும் கெட்டுப்போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் வேலையையும்தான் நினைத்தேன். மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். கம்புகள் நின்ற புதிய இடத்தையே கோடாக வரைந்து கொடுத்தேன். எஞ்சினீயர் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கு" என்றார்.

அந்த வருஷம் வாடைக் காற்று சீக்கிரமே பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வானம் கறுத்திருந்ததே தவிர மழை இல்லை. நான் கடற்கரைப் பக்கம் போனேன். வழக்கமாகத் தீவுக்கு வெளியே வெள்ளையாக உடைகிற அலை அன்று எங்கும் உடையவில்லை. தடிமனாக, நுரையில்லாமல், தீவின் மேலேயே ஏறி இந்தப் பக்கம் இறங்கியது. அதைப் பார்த்ததும் என் கால்கள் தாமாகவே பின்வாங்கின.

உப்பங்கழி இருந்தவரை கடல் பெருகினால் தண்ணீர் அதற்குள் புகுந்து மரங்களுக்கு நடுவே தணிந்துவிடும் என்று சொல்வார்கள். இப்போது அங்கே மேடு. மேட்டில் மோதிய தண்ணீர் பக்கவாட்டில் திரும்பி நேராகத் தெருவுக்குள் போனது. சுவர்கள் அதிக சத்தமில்லாமல் உட்கார்ந்தன. முதல் வரிசையில் பதினோரு வீடுகள். சங்கு குளிக்கிறவர் வீடு நாலாவது. எல்லாரும் மாதா கோயிலில் பூசைக்குப் போயிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. பூசை முடிந்து நல்ல உடுப்போடு திரும்பி வந்தவர்கள் தண்ணீருக்குள் இடுப்பளவு நின்று தங்கள் வாசல் எது என்று தேடினார்கள்.

சங்கு குளிக்கிறவரின் மனைவி என்னைக் கண்டுகொண்டாள். "நீங்க ரெண்டு பேருந்தான அளந்தீய?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அவர் அவளைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். என்னைப் பார்க்கவில்லை.

கிட்டங்கித் தளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரம் பெரிய அதிகாரிகள் வந்து பார்த்து, வேலை உறுதியாக நடந்திருப்பதாக எழுதிவிட்டுப் போனார்கள். தெருவைக் காப்பாற்ற ஒரு தடுப்புச் சுவர் வேண்டும் என்றும் முடிவானது. அது நியாயமான முடிவுதான். அதற்கும் கல் வேண்டும்.

சங்கு குளிக்கிறவர் குடும்பத்தோடு வேம்பாருக்குப் போய் உப்பளத்தில் வேலைக்குச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. நாங்கள் மேற்கே, ரயில் தண்டவாளத்தைத் தாண்டி நல்ல தண்ணீர்க் கிணறு உள்ள வீட்டுக்கு மாறினோம். அங்கேதான் மகள் பிறந்தாள். கம்புகளைப் பற்றி மனைவியிடம் ஒரு மத்தியானம் சொன்னேன். பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள். "இனி எங்க இருந்து எடுக்கப் போறாவ?" என்று மட்டும் கேட்டாள்.

பக்கத்துத் தீவில் எடுத்தார்கள். அதற்கான படத்தையும் நான்தான் வரைந்தேன்.