பலகைத் தூசி

அப்பாவை வீட்டைவிட்டு வெளியே தள்ளத்தான் அந்த பிளைவுட் ரூமைக் கட்டினோம். இதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு வராது. ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடு, ஒரே அறை. நாங்கள் ஐந்து பேர். பாறையில் ட்ரில் போட்டே நெஞ்சு முழுக்கத் தூசியை வாங்கிக்கொண்டு, சுரங்க வேலையிலிருந்து நின்றவர் அப்பா. அவர் இருமினால் யாரும் தூங்க முடியாது. எனக்கு ஒன்பது வயது. அந்த இருமல்மேல் வெறுப்பு. அவர்மேலும்தான்.

ரூமைச் செய்தவர் மாமா, அம்மாவின் தம்பி. பெங்களூரில் ஃபைபர் கிளாஸ் பட்டறையில் வேலை. வாசலில் பலகைகளை நிறுத்தி, அவற்றின்மேல் கண்ணாடி நார் விரிப்பை ஒட்டி, ரெசின் பூசினார். அது கெட்டியாகிவிட்டால் மழை உள்ளே இறங்காது. இரண்டு பூச்சு முடிந்தது. சொரசொரப்பை உப்புத்தாளால் தேய்த்துவிட்டுக் கடைசிப் பூச்சு பூச வேண்டும். அதற்குள் வானம் கறுத்துவிட்டது. அன்றே முடிக்காவிட்டால் விளிம்புகளில் தண்ணீர் இறங்கிப் பலகை உப்பி உரிந்துவிடும். மாமாவுக்கு மறுநாள் காலையில் வேலை.

மாமா தேய்க்க ஆரம்பித்தார். வெள்ளைத் தூசி கிளம்பியது. கட்டிலில் கிடந்த அப்பா எழுந்து ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

"டேய், தண்ணி ஊத்திக்கினு தேய்டா!"

"தண்ணி பட்டா மேல்பூச்சு புடிக்காது மச்சான். மழை வருது, தள்ளுங்க."

"ஊத்துடான்றேன்!"

"இது இன்னா மச்சான், உங்க சுரங்கத்துல கீற பாறையா? பலகை!"

"நெஞ்சுக்குள்ள போற தூசிக்குப் பாறை இன்னா, பலகை இன்னா?"

சுரங்கத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டேதான் ட்ரில் போட வேண்டும். ஷிப்டு முடிக்கும் அவசரத்தில் தண்ணீரில்லாமல் போட்டவர் அப்பா. அது எனக்குத் தெரியும். கதையாகத்தான் தெரியும்.

அவர் குடத்தைத் தேடினார். நான் முந்திக்கொண்டேன். இருந்த அரைக்குடத்தையும் சாக்கடையில் கவிழ்த்தேன். தெருக்குழாயில் சாயங்காலம்தான் தண்ணீர் வரும்.

"சபாஷ்டி பாப்பா!" என்றார் மாமா.

அடி விழும் என்று நின்றேன். அப்பா வெறுங்குடத்தைப் பார்த்தார். மேகத்தைப் பார்த்தார். பிறகு மாமாவின் கையிலிருந்து உப்புத்தாளைப் பிடுங்கினார்.

"பாப்பாவ இட்டுக்கினு அந்தாண்ட போ."

"உங்களால முடியாது மச்சான்."

"கல்யாணம் ஆவாத பையன் நீ. போடா!"

லைன் கோடிக்குப் போய் நின்றோம். கிழவரை மடக்கிவிட்டோம் என்று சிரித்தோம். அவர் நாலு இழுப்பு தேய்ப்பார், குனிந்து இருமுவார், மறுபடி தேய்ப்பார். மாமாவின் சிரிப்புதான் முதலில் நின்றது. இரண்டு முறை கிட்டே போனார். இரண்டு முறையும் அப்பா கல்லை எடுத்து விரட்டினார்.

அப்பா தேய்த்து முடித்ததும் மாமா பூசிய கடைசிப் பூச்சு இறுகிய பிறகே மழை கொட்டியது. உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை.

தலை, புருவமெல்லாம் வெள்ளையாக, அப்பா புது ரூமில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

"கடைசில நீயே தண்ணி இல்லாம தேய்ச்ச. அப்புறம் எதுக்குப்பா அவ்ளோ கத்துன?"

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு இருமலாகி, நெடுநேரம் ஓயவில்லை. பதில் சொல்லத் தெரியாமல்தான் இருமுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.